ஷேடு பொருந்தவில்லை

ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை டாக்டர் ரேணுகாவின் கைபேசிக்கு அவளுடைய பல்லிடமிருந்து ஒரு செய்தி வரும். 'உங்கள் சோர்வு அளவு: அதிகம். தினமும் இருபது நிமிடம் நடக்கவும்.' ஒன்பது வருடமாக இதே செய்தி. அவளும் நடந்துகொண்டுதான் இருந்தாள், நோயாளி நாற்காலிக்கும் வாஷ்பேசினுக்கும் நடுவே. அதைப் பல் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை போலிருக்கிறது.

அவிநாசி ரோட்டில் பன்னிரண்டாயிரம் பேர் வேலை செய்யும் பனியன் கம்பெனி அது. வளாகத்துக்குள்ளேயே கேண்டீன், குழந்தைகள் காப்பகம், பல் கிளினிக். காப்பகத்தில் குழந்தைகள் குறைவு. கிளினிக்கில் மட்டும் கூட்டத்துக்குக் குறைச்சல் இல்லை, ஒரு நாளைக்கு முப்பத்தைந்து வாய். ஐம்பத்து நான்கு வயதில் ரேணுகாவுக்கு மனிதர்களின் முகம் மறந்துவிடும், கடவாய்ப்பல் மறக்காது.

பாதரசம் கலந்த பழைய வெள்ளி அடைப்பைத் தடை செய்து பதினோரு வருடம் ஆகிவிட்டது. இப்போது எல்லாருக்கும் பீங்கான்தான். நல்ல சாமான் என்பதில் சந்தேகமில்லை. பல்லோடு பல்லாக இருக்கும், கறுக்காது, முப்பது வருடம் தாங்கும். என்ன, இரண்டு தடவை வரவேண்டும். முதல் தடவை சொத்தையைக் குடைந்து, அச்சு எடுத்து, கிராம்பு வாசமடிக்கும் ஒரு தற்காலிகப் பூச்சால் குழியை மூடி அனுப்புவார்கள். கோயமுத்தூர் லேபில் அது சூளையில் வெந்து வந்ததும், மறு வாரம் ஒட்டுவார்கள். கம்பெனி தன் ஆட்களுக்கு இதை இலவசமாகவே செய்தது. பீங்கானின் அடுக்குகளுக்கு நடுவே முடியைவிட மெல்லிசாக ஒரு தகடு இருந்தது. அது எச்சிலைப் படித்து மேலே சொல்லும். சர்க்கரை நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம் என்றார்கள். கண்டுபிடித்தும் இருக்கிறார்கள், பொய் சொல்லக்கூடாது.

பீங்கானுக்கு நிறம் பார்ப்பதில் ரேணுகா பொல்லாதவள் என்று பெயர். ட்யூப்லைட்டில் பார்க்கவே மாட்டாள். காலை பத்திலிருந்து பன்னிரண்டு மணிக்குள், வடக்கு ஜன்னல் பக்கம் ஆளை நிறுத்தி, மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். யாரும் அதைக் கேலி செய்யவில்லை. சாயப்பட்டறைக்காரர்களும் துணியின் ஷேடை அப்படித்தான் பார்ப்பார்கள். ஷேடு அரைப்புள்ளி தப்பினால் வெளிநாட்டுக்காரன் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பிவிடுகிற ஊர் அது. 'ஷேடு பொருந்தவில்லை' என்று எழுதிவிட்டால் முதலாளிகூட மறுபேச்சுப் பேசமாட்டார்.

தாரணி வந்தது இருபத்திரண்டாம் தேதி. ஓவர்லாக் மெஷினில் வேலை செய்பவள், இருபத்தெட்டு வயது. நாற்காலியில் உட்கார்ந்தவள் வாயைக் காட்டவில்லை.

"டாக்டரம்மா, இதையக் கழட்டிப் போடுங்க."

"வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்லீங்க. பழைய வெள்ளிய வெச்சு அடச்சு உட்ருங்க."

"வெள்ளிக்கு நான் எங்கம்மா போவேன்? அது மியூசியத்துலதான் கிடைக்கும். நல்லா இருக்கிற பீங்கானை எதுக்கு எடுக்கணும்?"

தாரணி, கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்த ஜெயமேரியைப் பார்த்தாள். பதினெட்டு வருடமாக ரேணுகாவோடு இருக்கும் நர்ஸ் அவள்.

"மேரி இருக்கட்டும். அவகிட்ட சொன்னது வெளிய போகாது. நீ சொல்லு."

"எனக்கு ஒம்பது நாள் தள்ளிப் போயிருக்குதுங்க. என்ற வீட்டுக்காரருக்குக்கூட இன்னும் சொல்லலீங்க." பிறகு தன் வலது கன்னத்தைத் தொட்டாள். "ஆனா இதுக்குத் தெரிஞ்சிருக்கும்."

ரேணுகா கையுறையை மாட்டுவதை நிறுத்தினாள்.

"போன தடவ எனக்கே தெரியறதுக்கு முன்னாடி காண்ட்ராக்டைப் புதுப்பிக்காம உட்டுப்போட்டாங்க. காரணம் கேட்டதுக்கு, ஆர்டர் இல்லீன்னாங்க. பத்து நாள் கழிச்சுத்தான் எனக்கே தெரிஞ்சுது, முழுகாம இருக்கறேன்னு. அப்பறம் ஒரு சின்ன சாயப்பட்டறையில ஈரத்துணி தூக்கற வேலைக்குப் போனனுங்க. நாலாம் மாசம் கலைஞ்சு போச்சு." அழாமல்தான் சொன்னாள். "எங்க லைன்ல அந்த மாதிரி அஞ்சு பேருங்க. அஞ்சு பேத்துக்கும் பீங்கான் பல்லு. பல்லுச் சொத்தையில்லாத மஞ்சுளா மட்டும் ஏழாம் மாசம் வரைக்கும் வேலை செஞ்சு, வளைகாப்புக்கு எங்களுக்கெல்லாம் வளையல் குடுத்துட்டுப் போனா."

ரேணுகாவுக்கு இது தெரியாது என்று சொன்னால் பொய். தெரிந்துகொள்ளவில்லை என்பதுதான் சரி. கர்ப்பிணியை வேலையை விட்டு அனுப்பினால் குற்றம். தான் கர்ப்பிணி என்று அவளுக்கே தெரியாதபோது ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டால் எந்தச் சட்டமும் கேட்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு பட்டியல் வருகிறது என்பதும், அதில் பெண்கள்தான் அதிகம் என்பதும் கேண்டீன் வரிசையில் காதில் விழுந்ததுதான். விழுந்ததைத் துடைத்துவிட்டு அடுத்த வாயைப் பார்க்கப் போயிருந்தாள். அந்தப் பற்களில் முக்கால்வாசி அவள் கையால் ஒட்டியவை.

"அடுத்த காண்ட்ராக்ட் எப்போ?"

"வர்ற பதினஞ்சாந்தேதிங்க. அதுல கையெழுத்து வாங்கிட்டா, அப்பறம் நானே ஆபீசுல சொல்லிருவனுங்க. சட்டப்படி என்னைய ஒண்ணும் பண்ண முடியாது. அது வரைக்கும்தானுங்க."

"தாரணி, நல்லா இருக்கிறதை நான் எடுத்தா ரெண்டே நிமிஷத்துல மேல தகவல் போயிடும். ஏன் எடுத்தேன்னு கேட்பாங்க. உடைஞ்சு போயிருந்தாத்தான் எடுக்க முடியும்."

"உடஞ்சா எடுப்பீங்களா?"

"உடையாதும்மா. முப்பது வருஷம் தாங்கும்."

தான் சொன்னது யோசனையா எச்சரிக்கையா என்று ரேணுகாவுக்கே நிச்சயமில்லை. தாரணி தலையாட்டிவிட்டுப் போனாள். மறுநாள் காலை பத்து மணிக்கு வீங்கின கன்னத்தோடும் வாயில் அழுத்திய கைக்குட்டையோடும் வந்து நின்றாள்.

"வறுத்த புளியங்கொட்டைங்க. நாலு கடிச்சும் அசையல, அஞ்சாவதுலதான் உடஞ்சுது."

பீங்கான் மூன்று துண்டாகியிருந்தது. கூடவே அவளுடைய சொந்தப் பல்லின் உள்சுவரும் பெயர்ந்திருந்தது. ரேணுகாவுக்குக் கோபம் கோபமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. மரத்துப்போகும் ஊசியை இரண்டாகப் போட்டு, துண்டுகளை எடுத்து, குழியைக் கிராம்புப் பூச்சால் மூடினாள். கணினியில் 'உடைந்தது, தற்காலிக அடைப்பு' என்று பதிந்தாள்.

"ஒரு வாரத்துல புதுசு வந்துடும்," என்றாள்.

"ஒரு வாரம் பத்தாதுங்களே."

"தெரியும். போ."

புதுப் பீங்கான் சொன்ன நாளில் வந்தது. லேபில் இருந்த ஹபீபுல்லா நல்ல வேலைக்காரர். ஜன்னல் பக்கம் தாரணியை நிறுத்தி வைத்துப் பார்த்தபோது, அவள் பிறக்கும்போதே கூடப் பிறந்தது போல அச்சாக ஒத்திருந்தது. ரேணுகா அதைக் கொஞ்ச நேரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு கணினி முன்னால் உட்கார்ந்து 'ஷேடு பொருந்தவில்லை' என்று தட்டினாள். வாய் வறண்டு போனது. முப்பது வருடத் தொழிலில் அவள் எழுதிய முதல் பொய் அது.

அடுத்த வாரம் வந்ததையும் திருப்பி அனுப்பினாள். ஹபீபுல்லா போன் செய்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம். இது கீழ்க் கடவாய்ப்பல்லுதானே?"

"ஆமா பாய்."

"கொட்டாவி விட்டாக்கூட யார் கண்ணுக்கும் தெரியாத பல்லு. அதுக்கு ரெண்டு தடவை ஷேடு சரியில்லைங்கறீங்க."

"கொஞ்சம் மஞ்சள் கூடிப்போச்சு."

"போன தடவை மஞ்சள் பத்தலைன்னீங்களே." அவருக்கு நான்கு பெண்கள், நான்கு பேரும் ஏதேதோ கம்பெனிகளில் வேலைக்குப் போகிறார்கள். "சரிங்கம்மா. சூளை வேற ரிப்பேருக்கு வர்ற மாதிரி இருக்கு. அடுத்தது பத்து நாள் ஆகும், பரவாயில்லையா?"

"பரவாயில்ல பாய்."

தாரணி யாரிடமும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்தாள். ஆனால் கழிவறையில் பத்து நிமிடம் நின்றாலே பெண்களுக்குப் பாதி விஷயம் விளங்கிவிடும். ஒருத்தி வாயிலிருந்து கிராம்பு வாசம் வந்ததும் மீதியும் விளங்கியிருக்கிறது. தாரணி பல்லை உடைத்துக்கொண்ட பத்து நாளுக்குள்ளேயே கைக்குட்டையும் வீங்கின கன்னமுமாகப் பத்துப் பேர் வந்தார்கள். எல்லாரும் புளியங்கொட்டைதான். ராஜாமணி என்ற ஒருத்தி மட்டும் நிஜமாகவே முறுக்கு கடித்து உடைத்துக்கொண்டவள், அவளுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. எல்லாருக்கும் பூச்சு, வந்த பீங்கானுக்கெல்லாம் 'ஷேடு பொருந்தவில்லை'. ஒவ்வொரு தடவை தட்டும்போதும் வாய் வறண்டது. ரேணுகா தண்ணீர் குடித்துக்கொண்டாள்.

பதினோராம் தேதி காலை பணியாளர் பிரிவு மேலாளர் பார்த்திபன் வந்தார். ஆறு மாதப் பரிசோதனைக்கு முறை வந்திருந்தது. நாற்பது வயதில் அறுபது வயது நடை. வாயைத் திறப்பதற்கு முன்னால் கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மேடம், பட்டியலைப் பத்தி உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"நான் பல்லுதான் பார்க்கிறேன் சார்."

"நானும் கையெழுத்துத்தான் போடறனுங்க. யாரையும் நான் நிறுத்தறதில்ல. பல்லு அனுப்பறதையெல்லாம் படிச்சு மெஷின் பேரைக் குடுக்கும், காரணம் சொல்லாது. இந்தத் தடவை நான் கேட்டுப் பாத்தனுங்க, பதினோரு பொம்பளைங்க பேரு ஒண்ணா வந்துதேன்னு." அவர் குரல் இன்னும் தாழ்ந்தது. "எச்சில்ல அந்த மாத்தம் ஒரு மாசம் தொடர்ந்து தெரிஞ்சாத்தான் பேரைச் சேர்க்கும். இவியளுக்கு நடுவுலயே பல்லு உடஞ்சு போச்சு, ஒண்ணும் தெரியல. ஆனா அதுல ஆறு பேத்துக்கு, உடையறதுக்கு முந்தின நாள் வரைக்கும் அந்த மாத்தம் இருந்திருக்குது. மெஷின் அதையப் புடிச்சுக்கிச்சு. தற்காலிக அடைப்பு போட்டு ஷேடு பொருந்தாம இழுத்துட்டே போற பொம்பளைன்னா, அவ முழுகாம இருக்கறவன்னு அதுவே கத்துக்கிச்சுங்க. இனி எச்சிலே தேவையில்லையாமா."

கையிலிருந்த பல் பார்க்கும் கண்ணாடியை ரேணுகா தட்டில் வைத்தாள். அவள் கண்டுபிடித்த மறைவிடத்துக்கு அவளே விளக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

"அதுல ராஜாமணின்னு ஒரு பொண்ணு..."

"இருக்குதுங்க."

"அது முறுக்கு கடிச்சு உடைச்சுது சார்!"

"மெஷினுக்கு முறுக்கெல்லாம் தெரியாதுங்க மேடம்."

"பட்டியல் எப்போ முடிவாகுது?"

"பதினாலாம் தேதி சாயங்காலம். அதுக்குள்ள எது மாறுனாலும் மாத்திக்கும்."

பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று, பதினான்கு என்று ரேணுகா மனதில் எண்ணினாள். உடம்பு வீட்டுக்குப் போய்ப் படு என்றது. தாரணி ஈரத்துணியைத் தூக்கிக்கொண்டு நிற்பது கண்ணுக்கு முன்னால் வந்தது. அவள் எழுந்து ஜன்னலைத் திறந்தாள்.

"சார், கொஞ்சம் இப்படி வந்து நில்லுங்க. வாயைத் திறங்க."

பார்த்திபனின் இடது கடவாயில் ஆறு வருடத்துக்கு முன்னால் அவளே ஒட்டிய பீங்கான். பிசிறில்லாத வேலை.

"ஷேடு பொருந்தலையே சார்."

"கடவாய்ப்பல்லுங்களா?"

"கடவாய்ப்பல்லுதான்."

அவர் ஜன்னல் வெளிச்சத்தில் வாயைப் பாதி திறந்தபடி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். எட்டு வருடமாகக் கையெழுத்துப் போட்ட மனிதர். பிறகு தானாகவே போய் நாற்காலியில் சாய்ந்தார்.

"பொம்பளைங்களுக்கு மட்டும் போட்டாத்தான் அது அடையாளம். எல்லாருக்கும் போட்டா?" என்றாள் ரேணுகா, ஊசியை எடுத்துக்கொண்டே.

"ஏன் எடுத்தீங்கன்னு கேக்க வேண்டியவனே நான்தானுங்க. மெஷின் கேள்வி கேக்காதுங்க. ஷேடுன்னா கேக்கவே கேக்காது. அதையப் பழக்குனவனும் இந்த ஊர்க்காரன்தானுங்க."

இருபது நிமிடம் கழித்து, மரத்த வாயோடும் கிராம்பு வாசத்தோடும் அவர் போனார். ரேணுகா ஒரு வாய் காப்பி குடிப்பதற்குள் வெளியே செருப்புச் சத்தம். எட்டிப் பார்த்தால் கட்டிங் பிரிவு ஆண்கள் முப்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். முன்னால் மாஸ்டர் கதிர்வேல்.

"மேனேஜர் சொன்னாருங்க, எங்களுக்கெல்லாம் பல்லு ஷேடு சரியில்லையாமா."

"யாருக்கெல்லாம்?"

"எல்லாத்துக்கும்னாருங்க." மாஸ்டர் மீசையைத் தடவிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "என்ற தங்கச்சி செக்கிங்ல இருக்குதுங்க டாக்டரம்மா. நீங்க பாட்டுக்கு எடுங்க."

அந்த நான்கு நாளும் எப்படிப் போனது என்று பிறகு கேட்டால் ரேணுகாவுக்குச் சொல்லத் தெரியாது. பொழுது விடிந்ததும் ஆரம்பித்தாள், பொழுது சாய்ந்ததும் நிறுத்தினாள். பீங்கானைக் குடைகிற மெஷின் சத்தம் கனவிலும் கேட்டது. வலது கட்டைவிரல் மடங்க மறுத்தது. லோடு ஏற்றுகிறவர்கள், டிரைவர்கள், சமையல்காரர், கணக்குப்பிள்ளை, அவருடைய மைத்துனர். ஜன்னல் பக்கம் யாரையும் நிறுத்தவில்லை. ஆள் வாயைத் திறந்ததும் "பொருந்தல" என்பாள், ஜெயமேரி பூச்சைக் குழைப்பாள். நல்ல பல்லை நோண்டுகிறோமே என்று முதல் நாள் நெஞ்சு குறுகுறுத்தது. இரண்டாம் நாள் அதற்கும் தெம்பில்லை. கிராம்பெண்ணெய் தீர்ந்துபோய், கேண்டீன்காரர் எங்கிருந்தோ வாங்கிக்கொண்டு வந்தார். பதினாலாம் தேதி மாலை மொத்தம் இருநூற்றுப் பதினொன்று. கம்பெனி முழுக்கப் பிரியாணிக்கடை போல மணந்தது.

பதினைந்தாம் தேதி பதினோரு மணிக்கு தாரணி வந்தாள். கையில் ஒப்பந்தக் காகிதம். கையெழுத்தின் மை இன்னும் காயவில்லை என்பதுபோல அதை நுனியில் பிடித்திருந்தாள்.

"பதினோரு பேத்துக்கும் வந்துருச்சுங்க டாக்டரம்மா. ராஜாமணிக்கும்." சொல்லிவிட்டு, அதுவரை அழாதவள் அழுதாள். "ஆபீசுல இப்பவே சொல்லிப்போட்டு வந்துட்டனுங்க. இன்னைக்குச் சாயங்காலம் என்ற வீட்டுக்காரருக்கும் சொல்லணும்."

"அவருக்குக் கடைசியாத்தான் சொல்ற போல."

"பல்லுக்கு முன்னாடி சொல்லோணும்னுதான் இருந்தனுங்க."

ரேணுகா அவள் வாயைப் பார்த்தாள். பெயர்ந்த சுவருக்குக் கீழே வேர் செத்திருந்தது. பிரசவத்துக்குப் பிறகு அந்தப் பல்லை எடுத்துவிட வேண்டியதுதான். அதைச் சொல்ல இன்னொரு நாள் இருக்கிறது என்று பூச்சை மட்டும் புதிதாக வைத்து அனுப்பினாள்.

அவள் போன பிறகு பார்த்திபன் வந்தார். இரண்டு காகிதம் வைத்திருந்தார். ஒன்றை முதலில் நீட்டினார்.

"தற்காலிக அடைப்புங்கற அடையாளத்தையே மெஷின் எடுத்துப்போட்டுதுங்க. அந்தப் பதிவு எதையும் நம்ப முடியாதாமா. அதனாலதான் பதினோரு பேரும் தப்பிச்சாங்க."

"அத்தனை பேருக்குப் போட்டோமே, அதான் குழம்பிப்போச்சு."

"அது இல்லீங்க மேடம்." அவர் இரண்டாவது காகிதத்தைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "குழம்பியிருந்தா, ஆம்பளைங்களைத் தள்ளிப்போட்டு மறுபடியும் பொம்பளைங்களை மட்டும் புடிச்சிருக்கும். இது வேற. நீங்க ஷேடு பொருந்தலைன்னு பதியற ஒவ்வொரு தடவையும், பதியறவரோட எச்சில்ல ஒரு பதட்டம் இருந்துருக்குது. ஒண்ணு தப்பாம. வேற எதையப் பதிஞ்சாலும் அது இல்ல. அதனால இந்த டாக்டர் எழுதற ஷேடு எதுவும் நெசமில்லைன்னு முடிவு பண்ணிருச்சுங்க."

ரேணுகாவின் நாக்கு தானாகவே மேல் வரிசைக்குப் போய், ஒன்பது வருடப் பழைய பீங்கானைத் தடவிப் பார்த்தது. நான்கு நாளில் இருநூற்றுப் பதினோரு வாயைக் குடைந்தவளுக்குத் தன் வாய் ஒன்று இருப்பது ஞாபகம் வரவில்லை.

"அந்த ரெண்டாவது பேப்பர் எனக்கா?"

"ஆமாங்க மேடம். புதுப்பிக்கலைங்க." பார்த்திபன் தலையைக் குனிந்துகொண்டார். "கையெழுத்து நான்தான் போடணுமாமா. இன்னும் போடல."

"போடுங்க சார். நீங்க போடலைன்னா உங்க பல்லு... ஓ, உங்களுக்குத்தான் இப்போ பல்லு இல்லையே." அவள் சிரித்தாள். அழுகை வராததில் அவளுக்கே ஆச்சரியம். முப்பது வருடம் நின்றுகொண்டே வேலை செய்த காலில் பெரிய நிம்மதியும், நெஞ்சில் பெரிய பயமும் ஒரே நேரத்தில் இருந்தன. நாளைக்குப் பத்து மணிக்கு எந்த ஜன்னல் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை.

பார்த்திபன் போன பிறகு அவள் கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டாள். நோயாளி நாற்காலியில் ஏறிச் சாய்ந்தாள். ஒன்பது வருடத்தில் அதில் அவள் படுப்பது இதுதான் முதல் தடவை. கூரையில் இவ்வளவு விரிசல் இருப்பதை எந்த நோயாளியும் சொன்னதில்லை.

"மேரி, மணி என்ன?"

"பதினொன்னரை மேடம்."

"வெளிச்சம் நல்லாத்தான் இருக்கு. இங்க வா. என் பல்லைப் பார்த்துச் சொல்லு." ரேணுகா வாயை அகலமாகத் திறந்தாள்.

ஜெயமேரி கிட்டே வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இருந்த இடத்திலிருந்தே கிராம்பெண்ணெய்ப் புட்டியைத் திறந்தாள்.

"பொருந்தவே இல்ல மேடம்," என்றாள்.